14 கத்தரிக்கோல்களும் இரண்டு ஸ்டிக்கர்களும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆன்லைன் கடைகளின் கிடங்குகளில் நான் கழித்த 19 வருடங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். தபாலில் ஆர்டர் எடுக்கும் கம்பெனியில் பேரேடு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி ஆன்லைனுக்கு மாறியது, நானும் மாறினேன். கடைசியில் இருப்புக் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்து வெளியே வந்தேன். அங்கே எல்லோருக்கும் நான் 'கணக்கு அக்கா'. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் கட்டாகக் கட்டி என்னிடமே கொடுத்து, "கிளறிவிட்டது நீங்கள், பதிலும் நீங்களே சொல்லுங்கள்" என்றுவிட்டார். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'இன்னும் ஒன்று மட்டுமே மீதம்' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறார்கள். பதறிப்போய் வாங்கினால், மறுநாளே 'பொருள் இருப்பில் இல்லை, பணத்தைத் திருப்புகிறோம்' என்று சேதி வருகிறது. இதில் எது பொய்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

வங்கியில் இருந்தவருக்கு இதை விளக்குவது சுலபம். பாஸ்புக்கில் இருக்கும் எண்ணும் கல்லாவில் இருக்கும் நோட்டும் ஒன்றா? நீங்கள் திரையில் பார்ப்பது பாஸ்புக். உள்ளே வந்த சரக்கிலிருந்து விற்றதைக் கழித்து, யாரோ பணம் கட்டிக்கொண்டிருப்பதால் பிடித்து வைத்ததைக் கழித்து, உடைந்ததை ஒதுக்கி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டொன்றை மறைத்து வைத்து, அதன் பிறகு மிஞ்சுவதைத்தான் காட்டுவார்கள். பல நேரம் அந்த 'ஒன்று' அந்த விற்பனையாளரிடம் ஒன்று என்றோ, உங்களுக்குப் பக்கத்துக் கிடங்கில் ஒன்று என்றோதான் அர்த்தம். அவசரப்படுத்துவதற்காகவே பொய்யாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சாதிக்க மாட்டேன்.

ஆனால் அந்த ரத்துச் சேதி பெரும்பாலும் தந்திரமில்லை, அவமானம். அதற்கு ஒரு கதை சொல்கிறேன்.

தள்ளுபடி விற்பனை நடந்த ஓர் இரவு. 4-வது வரிசை, 9-வது ரேக், மேலிருந்து மூன்றாவது அறையில் 14 கத்தரிக்கோல் இருப்பதாகக் கணினி சொல்கிறது. பொருள் எடுக்கப் போன பையன் அறைக்குள் கையை விட்டால் மொபைல் கவர் வருகிறது. அக்கம்பக்கம் தேடிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். தேட, கையில் இருக்கும் ஸ்கேனர் (பார்கோடு படிக்கும் கருவி) விடாது. அடுத்த பொருளுக்குப் போகச் சொல்லித் திரையின் மூலையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். 'இல்லை' என்று அழுத்திவிட்டு அவன் நகர்ந்துவிட்டான். அடுத்து வந்தவளும் அதையே அழுத்தினாள். இரண்டு பேர் சொன்னதும் கணினி நம்பிவிட்டது. இருப்பை 0 ஆக்கி, கையில் இருந்த 11 ஆர்டர்களை ரத்து செய்து, நள்ளிரவுக்குள் சப்ளையரிடம் தானாகவே 60 கத்தரிக்கோலுக்கு ஆர்டரும் போட்டுவிட்டது.

விடிகாலையில் எண்ணிப் பார்க்க நான் போனேன். 14-ம் இருந்தன, ஒரு சாண் கீழே, நான்காவது அறையில். ரேக்கைத் துடைத்த யாரோ, உரிந்து விழுந்த இரண்டு ஸ்டிக்கர்களை மேலும் கீழுமாக மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஒருவரும் திருடவில்லை, மென்பொருளில் பிழையும் இல்லை. கட்டைவிரல் அகலத்தில் இரண்டு காகிதத் துண்டுகள், அவ்வளவுதான். 11 பேர் எங்களைத் திட்டியிருப்பார்கள்.

இதற்காகத்தான் வருடத்துக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு மொத்தமாக எண்ணும் பழக்கம் போய், தினமும் சில அறைகளை மட்டும் எண்ணும் பழக்கம் வந்தது. எந்த அறை என்பதைக் கணினியே தேர்ந்தெடுக்கும். 'இல்லை' என்று பதிவான அறைகள் முதலில். இன்னொரு நல்ல தந்திரமும் உண்டு: கணக்குப்படி ஓர் அறை காலியாகும்போது, கடைசிப் பொருளை எடுத்தவரிடமே 'அறை காலிதானே?' என்று ஸ்கேனர் கேட்கும். காலி அறையை எண்ண ஒரு நொடி போதும். அந்த ஒரு கேள்வியில் நான் கண்டுபிடித்த தவறுகள், வருடாந்திர எண்ணிக்கையில் கண்டுபிடித்ததைவிட அதிகம்.

கேள்வி: கத்தரிக்கோலும் மொபைல் கவரும் ஏன் அடுத்தடுத்த அறையில்? வகைவாரியாகப் பிரித்து வைக்க மாட்டார்களா? – நூலகவியல் மாணவி

(கத்தரிக்கோல் கதை இவருக்கு எப்படித் தெரிந்தது என்று குழம்ப வேண்டாம். சென்ற இதழில் 'சோப்புக்குப் பக்கத்தில் ஸ்குரூடிரைவர்' என்று எழுதியிருந்தேன். இவர் கேட்டது அதைப் பற்றி. உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன், மன்னிக்க.)

நூலகத்தில் புத்தகத்தைத் தேடி மனிதர் வருகிறார். அவருக்கு வகை வேண்டும். இங்கே தேடுவது கணினி. அதற்கு வேண்டியது அறை எண் மட்டும். ஆகவே காலியாக இருக்கும் அறை எதுவோ அதில் பொருளைப் போட்டு, பொருளின் பார்கோடையும் அறையின் பார்கோடையும் அடுத்தடுத்து 'பீப், பீப்' என்று ஸ்கேன் செய்தால் முடிந்தது. இடம் வீணாவதில்லை. பத்து விதக் கருப்பு சார்ஜர்களை ஒரே அறையில் போட்டால் எடுப்பவர் குழம்புவார். ஒரு சார்ஜர், ஒரு பொம்மை, ஒரு சீப்பு என்று கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கலைந்து கிடப்பதுதான் பாதுகாப்பு. பேரேட்டுக் காலத்து ஆளான எனக்கு இதை ஒப்புக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது கீவா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம். 2012-ல் அமேசான் 77.5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. தரையோடு தரையாகத் தவழும் ரோபோ, ரேக்குக்கு அடியில் நுழைந்து ரேக்கையே தூக்கிக்கொண்டு ஆளிடம் வரும். ஆள் நின்ற இடத்தில் நிற்பார். ரோபோவுக்கு வழி காட்டுவது தரையில் ஒட்டிய கட்டம் கட்டமான குறியீட்டு ஸ்டிக்கர்கள். பார்த்தீர்களா, இங்கேயும் ஸ்டிக்கர்தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரேக் பழைய இடத்துக்கே திரும்பத் தேவையில்லை என்பது. அடிக்கடி கேட்கப்படும் ரேக்குகள் ஆட்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், சீந்துவாரற்றவை மெல்ல மெல்ல உள்ளே ஒதுங்கும். யாரும் திட்டம் போட்டு அடுக்காமலே கிடங்கு தன்னைத் தானே அடுக்கிக்கொள்கிறது.

பிரிட்டனில் ஆன்லைனில் மளிகை விற்கும் ஒகாடோ வேறு வழியில் போனது. பெட்டிகளைக் கிணறு கிணறாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, அதன் மேல்தளத்தில் தண்டவாளக் கட்டங்களில் ரோபோக்களை ஓடவிட்டது. கீழே இருக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றைத் தூக்கி வேறு கிணற்றில் வைக்க வேண்டும். 2021 ஜூலையில் அவர்களின் எரித் கிடங்கில் மூன்று ரோபோக்கள் மோதிக்கொண்டு தீப்பிடித்தது. நெருக்கி அடுக்கினால் எதுவும் நெருக்கமாகவே நடக்கும்.

கேள்வி: பார்கோடுக்குக் கீழே 13 எண்கள் இருக்கின்றன. அதற்கு என்ன அர்த்தம்? – 8-ம் வகுப்பு மாணவர்

தம்பி, ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள். முதல் சில எண்கள், அந்த எண்ணை எந்த நாட்டு அமைப்பு வழங்கியது என்று சொல்லும். பொருள் அந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை; பெரியவர்களே இதைத் தப்பாகச் சொல்வார்கள், திருத்து. அடுத்தவை கம்பெனிக்கும் பொருளுக்கும் உரியவை. வேடிக்கை கடைசி எண்ணில் இருக்கிறது. அது மற்ற 12 எண்களுக்கும் காவல்காரன்.

2104567839153 என்று வைத்துக்கொள். (2-ல் தொடங்கும் எண்கள் கடைகள் தங்களுக்குள் பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. அதனால் பயமில்லாமல் எழுதுகிறேன்.) கடைசி 3-ஐ விரலால் மறை. 1, 3, 5 என்று ஒற்றைப்படை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டு: 2+0+5+7+3+1 = 18. இரட்டைப்படை இடத்தில் இருப்பவை: 1+4+6+8+9+5 = 33. இதை மூன்றால் பெருக்கு, 99. இரண்டையும் சேர்த்தால் 117. அடுத்த பத்தின் மடங்கு 120. அதற்கு இன்னும் 3 வேண்டும். விரலை எடு!

எந்த ஓர் எண்ணைத் தப்பாக அடித்தாலும் காவல்காரன் பிடித்துவிடுவான். பக்கத்துப் பக்கத்து எண்களை மாற்றி அடித்தால்? 5-ஐயும் 6-ஐயும் மாற்றிப் பார், பிடிப்பான். 8-ஐயும் 3-ஐயும் மாற்றிப் பார், அசந்துவிடுவான். ஏன் என்று நீயே கண்டுபிடி. 8-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தில் விடை இருக்கிறது. இப்படித் தப்பித்துப் போன எண்களால் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை இழந்திருக்கிறேன்.

நார்மன் ஜோசப் வுட்லண்ட் என்பவர் கடற்கரை மணலில் மோர்ஸ் தந்தியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் வரைந்து, அவற்றை அப்படியே கீழ்நோக்கி இழுத்தபோதுதான் இந்தக் கோடுகளின் யோசனை பிறந்தது. அவருக்கும் பெர்னார்ட் சில்வருக்கும் 1952-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் கடையில் முதல் பொருள் ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். அது ஒரு சூயிங்கம் பாக்கெட். நடுவில் 22 வருடம். கோடு தயாராக இருந்தது. அதைப் படிக்க மலிவான லேசரும் கணினியும் வர வேண்டியிருந்தது.

கேள்வி: தையல் ஊசி வேண்டும் என்று நினைக்கிறேன், ஆர்டர் போட்டால் மறுநாள் காலை வாசலில் நிற்கிறது. நான் வாங்கப்போவது முன்கூட்டியே தெரியுமா? மனதைப் படிக்கிறார்களா? – தையல்காரர்

உங்கள் மனதை யாரும் படிக்கவில்லை. கிடங்குக்கு உங்களைத் தெரியவே தெரியாது. 'இந்தச் சுற்றுவட்டாரத்தில் அடுத்த வாரம் எத்தனை ஊசி டப்பா போகும்?' என்பது மட்டுமே அதன் கவலை. தனி மனிதர் எப்போது வாங்குவார் என்று சொல்ல முடியாது. பத்தாயிரம் பேர் சேர்ந்தால் ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஆர்டர் வருவதற்கு முன்பே பொருளை வாங்கக்கூடியவர்கள் இருக்கும் பக்கமாக அனுப்பி வைக்கும் முறைக்கு அமேசான் காப்புரிமையே வாங்கியது, 2013 டிசம்பரில். உங்கள் ஊசி நேற்றே கிளம்பி வந்து பக்கத்தில் காத்திருந்தது. உங்களுக்காக என்று அதற்குத் தெரியாது.

கணிப்பு என்றால் 'எத்தனை விற்கும்' என்று ஓர் எண் சொல்வது என்று நினைப்போம். அப்படிச் சொன்னால் பாதி நாள் பற்றாது. கிடங்கு கேட்கும் கேள்வி வேறு: எத்தனை வைத்தால் பத்தில் ஒன்பது வாரம் கைவிடாமல் இருக்கும்? விற்காமல் தங்கினால் ஆகும் நஷ்டமும், இல்லாமல் போனால் ஆகும் நஷ்டமும் பொருளுக்குப் பொருள் மாறும். ஊசி தங்கினால் ஒன்றுமில்லை. போன வருட மாடல் போன் தங்கினால் வயிறு எரியும். ஆகவே ஊசிக்குத் தாராளம், போனுக்குக் கஞ்சத்தனம்.

இதில் இயந்திரம் விழும் குழி ஒன்று உண்டு. இருப்பு இல்லாத நாளில் விற்பனை 0 என்று பதிவாகும். யாரும் கேட்காத நாளிலும் அதே 0 தான். இரண்டு சுழியத்துக்கும் வித்தியாசம் தெரியாத மென்பொருள், 'இதை யாரும் கேட்பதில்லை' என்று முடிவு கட்டி அடுத்த முறை குறைவாக வாங்கும். குறைவாக வாங்கியதால் சீக்கிரம் தீரும். தீர்ந்ததால் இன்னும் பல சுழியங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பென்சில் சீவி இப்படியே பட்டினி கிடந்து எங்கள் பட்டியலிலிருந்து மறைந்ததை நான் பார்த்தேன். கொன்றது யாரென்று கேட்டால் எல்லோரும் விற்பனை வரைபடத்தைக் காட்டினார்கள். நல்ல மென்பொருள், பொருள் அலமாரியில் இருந்த நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடும்.

அடுத்த குழி இன்னும் பெரியது. எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் 'பியர் கேம்' விளையாட வைத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான விளையாட்டு. நான்கு பேர்: சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, வாராவாரம் ஆர்டர் சீட்டை மட்டும் நீட்ட வேண்டும். சரக்கு வந்து சேர இரண்டு வாரம் பிடிக்கும். நான் தொழிற்சாலை. முதலில் வாரம் 4 பெட்டி என்று அமைதியாகப் போனது. பிறகு 8 கேட்டார்கள், பிறகு 15, பிறகு 30. ராப்பகலாக ஓட்டி உற்பத்தி செய்து தள்ளினேன். அத்தனையும் தயாரானபோது ஆர்டர் சீட்டில் 0. அடுத்த வாரமும் 0. எதிரே சில்லறைக் கடையாக உட்கார்ந்திருந்த பெண்ணை முறைத்தேன். "இப்படியா வாடிக்கையாளர்கள் ஆடுவார்கள்?" பயிற்சியாளர் வாடிக்கையாளர் சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு வாரம் 4. ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசி வரை 8. மாறியது ஒரே ஒரு முறைதான். மீதி ஆட்டம் முழுக்க எங்கள் நால்வருடையது.

1961-லேயே எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் இந்த ஊசலாட்டத்தை எழுதிவிட்டார். குழந்தை ஒரு நாளைக்கு மாற்றும் டயப்பர் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் மலையும் மடுவுமாக இருக்கிறதே என்று டயப்பர் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் அதிகாரிகள் திகைத்தார்கள். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற ஆய்வாளர்கள் மூவர் 1997-ல் இதன் காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். இந்த ஊசலாட்டத்தைச் சாட்டை விளைவு என்பார்கள். மணிக்கட்டு ஓர் அங்குலம் அசைந்தால் சாட்டையின் நுனி ஆறடி பாய்கிறதல்லவா? 2020-ல் பல நாடுகளில் கழிப்பறைக் காகிதம் காணாமல் போனதும் நினைவிருக்கும்.

மருந்து எளிது, விழுங்குவது கஷ்டம். கல்லாவில் விற்ற கணக்கைக் கடைசித் தொழிற்சாலை வரை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். அமெரிக்கச் சில்லறைக் கடைத்தொடரான வால்மார்ட் 1991-லேயே 'ரீடெயில் லிங்க்' என்ற கணினி அமைப்பு மூலம் தன் விற்பனைக் கணக்கை சப்ளையர்களுக்குத் திறந்துவிட்டது. இன்றைய ஆன்லைன் கடைகளில் இதையே நொடிக்கு நொடி செய்ய முடியும். செய்கிறார்களா என்பது யார் யாரை நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் கம்பெனியில் சப்ளையருக்கு எங்கள் இருப்பைக் காட்டலாமா என்ற கூட்டம் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் டீ நன்றாக இருந்தது.

கேள்வி: பார்சல் 'வழியில் உள்ளது' என்று மூன்று நாளாக ஒரே இடத்தைக் காட்டுகிறது. தூங்குகிறார்களா? – பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

பார்சலுக்குள் வழிகாட்டிக் கருவி எதுவும் இல்லை. கடைசியாக யார் அதை ஸ்கேன் செய்தார்களோ, அந்த இடமும் நேரமும் மட்டுமே திரையில் தெரியும். அடுத்த பீப் வரும் வரை அது லாரியில் இருக்கலாம், கன்வேயருக்குக் கீழே விழுந்து கிடக்கலாம், உங்கள் தெருமுனையில்கூட இருக்கலாம். வரைபடத்தில் நகரும் புள்ளி தெரிகிறதே என்றால், அது ஓட்டுநரின் போன். அவர் வண்டியில் உங்கள் பார்சல் ஏறியதாக யாரோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள், அவ்வளவே.

'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று நீங்கள் வீட்டில் இருக்கும்போதே வருவதும் இந்த வகைதான். மாலைக்குள் பட்டியல் தீர வேண்டும். தீராவிட்டால் காரணம் ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும். 'நேரம் போதவில்லை' என்ற பொத்தான் பல செயலிகளில் கிடையாது. இல்லாத பொத்தானை மனிதர் எப்படி அழுத்துவார்?

கேள்வி: டெலிவரி தம்பி என் வீட்டைத் தாண்டிப் போய், அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கொடுக்கிறார். போகிற போக்கில் கொடுத்தால் என்ன? – இல்லத்தரசி

அவரைக் கேட்டால் 'ஆப் அப்படித்தான் காட்டுகிறது' என்பார். ஆப்பைக் கேட்டால் கணக்கைக் காட்டும். 10 வீட்டுக்குப் போகும் வரிசைகள் 36,28,800. 20 வீடு என்றால் 24,329 கோடி கோடி. நொடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சரிபார்க்கும் கணினி இருந்தாலும் 77 வருடம் ஆகும், தம்பி ஓய்வு பெற்றுவிடுவார். அவர் கையிலோ நூற்றுக்கு மேல் பார்சல். அதனால் மிகச் சிறந்த வழியை யாரும் தேடுவதில்லை, பரவாயில்லை என்ற வழியில் தொடங்கி அதைத் திருத்துவார்கள். வரைபடத்தில் பாதையின் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால், அந்தச் சிக்கலை அவிழ்த்து மாற்றிக் கட்டினால் தூரம் குறையும். இப்படி அவிழ்த்துக்கொண்டே போவது. அதற்கு மேல், 'எதிர்வீட்டுக்காரர் 11 மணிக்குள் கேட்டிருக்கிறார்', 'அந்தத் தெரு ஒருவழி' என்று நிபந்தனைகள். யூ.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் ஓரியன் என்ற பாதை வகுக்கும் மென்பொருள் அமெரிக்காவில் இடப்பக்கத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்க்கும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால், இடப்பக்கம் திரும்ப எதிர்வண்டிகளுக்குக் காத்து நிற்க வேண்டும். சுற்றிப் போவதே சீக்கிரம்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. எந்த வாசலில் வண்டி நிறுத்த முடியும், எந்த மாடிப்படி பூட்டியிருக்கும் என்பதெல்லாம் ஓட்டுநருக்குத்தான் தெரியும். 2021-ல் அமேசானும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து ஒரு போட்டியே நடத்தின: அனுபவமுள்ள ஓட்டுநர்கள் நிஜமாக எந்த வரிசையில் போனார்கள் என்ற பதிவுகளைக் கொடுத்து, அதிலிருந்து கற்றுக்கொள்ளும் மென்பொருளை எழுதச் சொன்னார்கள். ஆப் சொல்வதை மீறிப் போன தம்பிகளே இப்போது ஆப்புக்கு வாத்தியார்கள். சம்பளம் மட்டும் வாத்தியார் சம்பளம் இல்லை.

கேள்வி: பிளாக்செயினும் ஆர்.எஃப்.ஐ.டி.யும் வந்துவிட்டால் தவறும் மோசடியும் அடியோடு ஒழியும் என்கிறான் என் மகன். அப்படியா? – சிறு தொழில் செய்பவர்

பையன் பாதி சரி. ஆர்.எஃப்.ஐ.டி. என்பது ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சின்ன வில்லை. அதை நேராகப் பார்த்து ஸ்கேன் செய்ய வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருக்கும் அத்தனை சட்டைகளையும் எண்ணிவிடலாம். வால்மார்ட் 2003-ல் தன் பெரிய சப்ளையர்கள் 100 பேரை 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் இதை ஒட்டச் சொன்னது. செலவும் சிக்கலும் அதிகமாகி அந்த வேகம் தணிந்தது. உலோகமும் தண்ணீரும் அதற்கு ஆகாது. துணிக்கு நன்றாக ஒத்துப்போனதால் ஆடைக் கடைகளில் நிலைத்துவிட்டது.

பிளாக்செயின் என்பது பலர் சேர்ந்து வைத்திருக்கும், எழுதினால் அழிக்க முடியாத மின்னணுப் பேரேடு. அதில், நறுக்கிய மாம்பழப் பொட்டலம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வால்மார்ட்டுக்கு ஆன ஏறக்குறைய 7 நாள், சோதனையில் 2.2 நொடியாகக் குறைந்தது. அபாரம்தான். ஆனால் நேரம் குறைந்ததற்குப் பெரிய காரணம், பண்ணையிலிருந்து கடை வரை எல்லோரும் ஒரே இடத்தில் பதிவு செய்தார்கள் என்பது. அந்த ஒற்றுமை இல்லாவிட்டால்? கணினி நிறுவனமான ஐ.பி.எம்.மும் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் சேர்ந்து நடத்திய டிரேட்லென்ஸ் என்ற கப்பல் சரக்குத் தளத்தை மூடப்போவதாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். துறை முழுதும் ஒன்று சேரவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். தவிர, அழிக்க முடியாத பேரேட்டில் தப்பாக எழுதினால் அது அழிக்க முடியாத தப்பு. மாற்றி ஒட்டிய ஸ்டிக்கரை எந்தச் சங்கிலியும் கண்டுபிடிக்காது. மகனிடம் சொல்லுங்கள், சண்டை போடாமல்.

கேள்வி: எல்லாம் ரோபோ என்றால் மனிதருக்கு என்ன வேலை மிஞ்சும்? – வேலை தேடும் இளைஞர்

ரோபோ ரேக்கைத் தூக்கும். ரேக்கிலிருந்து ஒரு சீப்பை எடுப்பதுதான் அதற்குப் பெரும்பாடு. அமேசான் 2015 முதல் 2017 வரை இதற்கென்றே உலகப் போட்டி வைத்தது. கலந்துகொண்டவை பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வகங்கள். பளபளக்கும் உறையும் வலைப்பையும் அவற்றைப் பாடாய்ப் படுத்தின. அதன் பிறகு உறிஞ்சுகுழாய்க் கைகள் நிறைய முன்னேறிவிட்டன. ஆனாலும் பலவிதப் பொருள் கலந்து கிடக்கும் அறைகளில் மனிதக் கை இன்னும் நிற்கிறது.

ஆகவே, வேலை இருக்கும். எப்படிப்பட்ட வேலை என்பதுதான் கேள்வி. நான் சேர்ந்தபோது பொருள் எடுப்பவர் நாள் முழுக்க நடப்பார். நடக்கும்போது யாரோடாவது பேசுவார். ரேக் தேடி வரும் கிடங்கில் நடை இல்லை, பேச்சும் இல்லை. ஒரே இடத்தில் நின்று, குனிந்து, நிமிர்ந்து, ஒரே தோள்பட்டையால் ஆயிரம் முறை. ஒரு பீப்புக்கும் அடுத்த பீப்புக்கும் இடையே எத்தனை நொடி என்பதும் பதிவாகும். பொருளைக் கண்காணிக்க வந்த ஸ்கேனர் ஆளையும் கண்காணிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: கிடங்கில் எவ்வளவு வேகம் எதிர்பார்க்கிறார்கள் என்பதைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், கழிப்பறைக்கும் இடைவேளைக்கும் போக விடாத அளவுக்கு வேகம் கேட்கக் கூடாது. இப்படி ஒன்றைச் சட்டமாக எழுத வேண்டி வந்ததே, அதை யோசியுங்கள்.

வேலைக்குப் போகும் முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: மணிக்கு எத்தனை, தவறினால் என்ன, 'இல்லை' என்று அழுத்தினால் யார் கணக்கில் சேரும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் இருப்புக் கணக்கு லட்சணமாக இருக்காது. பழி தன் மேல் விழும் என்றால் யாரும் 'இல்லை' என்று அழுத்த மாட்டார்கள்.

கேள்வி: நான் திருப்பி அனுப்பிய பொருள் என்ன ஆகும்? வேறொருவர் தலையில் கட்டுவார்களா? – ஆசிரியை

பிரித்துப் பார்த்துத் தரம் போடுவார்கள். உறை பிரிக்காதது மறுபடி அலமாரிக்கு. பிரித்திருந்தாலும் நல்லதாக இருப்பது 'புதுப்பித்தது' என்ற பெயரில் வேறு விலைக்கு. மீதி மொத்தமாக எடைக்கு. போகும்போது பெட்டியின் எடை பதிவாகியிருக்கும், திரும்பி வரும்போதும் எடை போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் வராது. எங்களுக்கு ஒரு முறை கேமரா திரும்பி வந்தது. எடை கிராம் சுத்தமாக ஒத்துப்போக, கணினி பணத்தைத் திருப்பிவிட்டது. தரம் போடும் மேஜையில் திறந்தால், பழைய துணியில் பத்திரமாகச் சுற்றிய மாவுக்கல் ஒன்று, ஓரங்களைத் தேய்த்து அளவாக்கியிருந்தார்கள். அவ்வளவு பொறுமை உள்ளவர் எங்கள் இருப்புப் பிரிவில் வேலைக்கு வந்திருக்கலாம் என்று எங்கள் மேலாளர் சொன்னார்.

நீங்கள் நேர்மையாகத் திருப்புகிறவர் என்றால், பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதையும் லேபிளையும் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.